முந்தியது எது? கணினிப் பதிவேடுகளும் அவற்றின் கடிகாரங்களும்

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.45 மணி. இப்படி ஒரு நேரம் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வந்ததே இல்லை. அன்றிரவு 11.30 மணி ஆனதும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. உடனே 1982ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. தீபகற்பமும் சாபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மலேசியா எடுத்த முடிவு அது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது.

அந்த இரவில் ஒரு கிடங்கில் இரண்டு காவலாளிகள் பணியில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொண்டார். மற்றவர் மறந்துவிட்டார். மாற்றிக்கொண்டவரின் குறிப்பேட்டில் "12.10 மணி, கதவு திறந்திருந்தது" என்று இருக்கிறது. மறந்தவரின் குறிப்பேட்டில் "11.50 மணி, கதவைப் பூட்டினேன்" என்று இருக்கிறது. மறுநாள் மேலாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். 11.50க்குப் பூட்டிய கதவு 12.10க்கு எப்படித் திறந்தது? திருட்டு என்ற சந்தேகம் எழுகிறது. ஆனால் மறந்தவரின் 11.50 என்பது உண்மையில் 12.20. முதலில் கதவு திறந்திருந்தது. பத்து நிமிடம் கழித்து அவர் பூட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு குறிப்பேடுகளிலும் பொய் இல்லை. ஒப்பிட்டவர் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். இந்த இரண்டு மணிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டவையா என்பதே அக்கேள்வி.

குறிப்பேடு எழுதும் வேலையை இன்று கணினிகள் செய்கின்றன. வங்கி, விமான நிலையம், மருத்துவமனை, மின் நிலையம் என எங்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு நேர முத்திரை இருக்கிறது. தவறு நேரும்போது யார் பொறுப்பு என்பதை அந்த முத்திரைகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதனால் கிடங்கு மேலாளர் மறந்த அந்தக் கேள்வி, கணினி வரலாற்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அறிஞர்களை உழைக்க வைத்திருக்கிறது.

ஐந்து கோடிப் பேர் இருளில்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி பிற்பகலில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் மின்சாரம் நின்றது. பாதிக்கப்பட்டோர் சுமார் ஐந்து கோடிப் பேர். தொடக்கம் ஒஹாயோ மாநிலத்தில். அங்கே ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி எழுப்ப வேண்டிய மென்பொருள், பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு சத்தமின்றிச் செயலிழந்தது. அது நின்றுவிட்டது என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 3.05 மணிக்கு ஓர் உயர் அழுத்த மின் கம்பி, வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரத்தில் உரசித் துண்டிக்கப்பட்டது. 3.32க்கு இன்னொன்று. 3.41க்கு மூன்றாவது. 4.05 மணியளவில் மேலும் ஒரு முக்கியக் கம்பி விழுந்தபின், அடுத்த சில நிமிடங்களில் சரிவைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

அமெரிக்காவும் கனடாவும் கூட்டு விசாரணைக் குழு அமைத்தன. குழுவின் கையில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தன. ஆனால் அவற்றை வரிசைப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. சில பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் தேசியத் தர நேரத்தோடு ஒத்துவைக்கப்படவில்லை. வேறு சில கணினிகளோ, ஒரே நேரத்தில் குவிந்த செய்திகளைக் கையாள முடியாமல் பின்தங்கின. அவை போட்ட முத்திரை, நிகழ்வு நடந்த நேரம் அன்று. அதை எழுதி முடித்த நேரம். சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய படத்தை உருவாக்குவது போல் அந்த வேலை நடந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த இறுதி அறிக்கை, நேரம் ஒத்துவைக்கப்பட்ட பதிவுக் கருவிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று வட அமெரிக்க மின் கட்டமைப்பில் இத்தகைய கருவிகள் உலகத் தர நேரத்திலிருந்து 2 மில்லிவிநாடிக்கு மேல் விலகக்கூடாது என்ற விதி இருக்கிறது.

எச்சரிக்கை மென்பொருள் ஏன் நின்றது? பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட நிரலை வாரக்கணக்கில் ஆராய்ந்த பிறகே காரணம் தெரிந்தது. இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் மாற்றி எழுத முயன்றிருந்தன. எது முந்தியது என்ற குழப்பமே அங்கும் காரணம். வெளியே கம்பிகளுக்கிடையே நிமிடக் கணக்கில் எழுந்த கேள்வி, கணினிக்குள்ளே விநாடியின் மிகச் சிறு பகுதியில் எழுந்திருந்தது.

மணி வேண்டாம், வரிசை போதும்

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் வரலாற்றில் சொல்லப்பட்டுள்ளன. முதல் பதிலைச் சொன்னவர் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கர். 1978ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, கணினி இயலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று.

தூரத்தில் இருக்கும் கணினிகளின் கடிகாரங்கள் முழுமையாக ஒத்துப்போகவே மாட்டா என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒன்று நிச்சயம். ஒரு கடிதம் அனுப்பப்படுவதற்கு முன் அது வந்து சேர முடியாது. இந்தக் காரண காரியத் தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டால் மணி பார்க்காமலே வரிசையை அறியலாம் என்றார். ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதில் ஒன்று கூட்டட்டும். செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பட்டும். பெறுகின்ற கணினி, தன் எண் அதைவிடச் சிறியதாக இருந்தால், வந்த எண்ணுக்கு மேலே தன் எண்ணை உயர்த்திக்கொள்ளட்டும். அப்போது காரணத்தின் எண் எப்போதும் விளைவின் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். 2013ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது லாம்போர்ட்டுக்கு வழங்கப்பட்டது. பகிர்ந்தியங்கும் கணினி அமைப்புகளைப் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்குக் கிடைத்த சிறப்பு அது.

கடிகாரத்தைத் திருத்து

லாம்போர்ட்டின் எண் வரிசையைச் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. ஒரு வேலை 2 விநாடி எடுத்ததா, 2 மணி நேரம் எடுத்ததா என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்கு உண்மையான கடிகாரம் வேண்டும். அதைத் திருத்தி வைக்கும் வேலையை வாழ்நாள் பணியாக ஏற்றவர், டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண்ணழுத்த நோயால் பார்வை குன்றிய அவர், 1985ஆம் ஆண்டு வலையமைப்பு நேர நெறிமுறையை வெளியிட்டார். அது திருத்தப்பட்ட வடிவங்களில் இன்றும் உலகெங்கும் கணினிகளின் நேரத்தைச் சரிசெய்து வருகிறது.

அதன் கணக்கு எளியது. நம் கணினியின் கடிகாரம் சரியாக 10 மணி காட்டும்போது ஒரு கேள்வி புறப்படுகிறது. நேரம் சொல்லும் கணினியை அது அடையும்போது அங்கே 10 மணி 0.150 விநாடி. பதில் உடனே திரும்புகிறது. நம்மிடம் வந்து சேரும்போது நம் கடிகாரத்தில் 10 மணி 0.100 விநாடி. போய் வர 0.100 விநாடி ஆகியிருக்கிறது. எனவே போக மட்டும் பாதி, அதாவது 0.050 விநாடி. கேள்வி அங்கே போய்ச் சேர்ந்தபோது நம் கடிகாரம் 0.050 காட்டியிருக்கும், அவர்கள் கடிகாரமோ 0.150 காட்டியது. ஆகவே நம்முடையது 0.100 விநாடி பின்தங்கியிருக்கிறது.

போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற ஓர் ஊகம் இதில் ஒளிந்திருக்கிறது. போக்குவரத்து நெரிசல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கணக்கு பிசகும். அந்தப் பிசகைக் குறைக்கும் வழிகளைத் தேடியே மில்ஸ் பல்லாண்டுகள் உழைத்தார். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

ஒரே இயந்திரம், இரண்டு கணக்கு

தூரத்துக் கணினிகளுக்குத்தானே இந்தத் தொல்லை, ஒரே பெட்டிக்குள் இருக்கும் பகுதிகளுக்கு என்ன வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர் துயரமான பதிலைத் தந்தது.

அவ்வாண்டு பிப்ரவரி 25ஆம் தேதி, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த இடத்தின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 வீரர்கள் மாண்டனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணை புறப்படவே இல்லை. அதன் கணினி நேரத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணிவந்தது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகும் அல்லவா? கணினியின் இரும எண்ணில் பத்தில் ஒன்றும் அப்படித்தான். வாலை வெட்டித்தான் எழுத முடியும். அந்த மிகச் சிறிய பிழை, சுமார் 100 மணி நேரம் இயந்திரம் நிறுத்தப்படாமல் ஓடியதில் 0.34 விநாடியாக வளர்ந்தது. அந்நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லா நேரங்களிலும் ஒரே அளவு பிழை இருந்திருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது மறைந்திருக்கும். ஆனால் நிரலின் சில இடங்களில் மட்டும் துல்லியமான புதிய கணக்குமுறை சேர்க்கப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் பழையதே இருந்தது. ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு நேரக் கணக்குகள் ஒன்றோடொன்று கழிக்கப்பட்டன. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானை அடைந்தது.

உட்கருவும் வெளி நிரலும்

இன்றைய கணினிகளில் இந்த இரட்டைக் கணக்கு திட்டமிட்டே வைக்கப்பட்டிருக்கிறது. ஏனெனில் ஒரு கடிகாரத்தால் இரண்டு வேலைகளைச் செய்ய முடியாது. இன்று என்ன தேதி, என்ன மணி என்று சொல்வதற்கு ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அது தவறினால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளப்பதற்கு வேறொரு கடிகாரம் இருக்கிறது. அது கணினி தொடங்கிய கணத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகும். ஒருபோதும் பின்னே போகாது.

இயங்குதளத்தின் உட்கருவை 'கெர்னல்' என்பார்கள். வட்டு, நினைவகம், வலையமைப்பு ஆகியவற்றை ஆள்வது அதுதான். லினக்ஸ் கெர்னல் தன் பதிவேட்டில் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறது. அதன்மேல் இயங்கும் வங்கி மென்பொருள் போன்ற வெளி நிரல்களோ பெரும்பாலும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடங்குக் காவலாளிகளின் கதை மீண்டும் தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. நள்ளிரவு 12 மணிக்குச் சரியாக ஒரு கணினி தொடங்கப்படுகிறது. கெர்னலின் பதிவேட்டில் "36,004.90 விநாடி, வட்டில் எழுத முடியவில்லை" என்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் காலை 10 மணி 4.90 விநாடி. வெளி நிரலின் பதிவேட்டில் "10 மணி 5.10 விநாடி, பணம் செலுத்தியது பதிவாகிவிட்டது" என்று இருக்கிறது. பிழை வந்த பிறகும் வெற்றி என்று எழுதிய நிரலே குற்றவாளி என்று தோன்றும். ஆனால் காலை 9 மணிக்குச் சுவர்க்கடிகாரம் 0.40 விநாடி முன்னே தள்ளித் திருத்தப்பட்டிருந்தால்? கெர்னலின் கடிகாரத்துக்கு அந்தத் திருத்தம் தெரியாது. வட்டுப் பிழை நிகழ்ந்தது உண்மையில் 10 மணி 5.30 விநாடியில். நிரல் எழுதியபோது பிழை இன்னும் நேரவே இல்லை. அரை விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் பழி இடம் மாறிவிடுகிறது. கணினி இடையில் உறங்கி எழுந்திருந்தால் இந்தக் கூட்டல் கணக்கு இன்னும் மோசமாகப் பிசகக்கூடும்.

சில்லுகளும் தம் பங்குக்குக் குழப்பத்தைச் சேர்த்தன. 1993ஆம் ஆண்டு வந்த பென்டியம் சில்லில், ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும் ஓர் எண்ணி இருந்தது. மிக வேகமாகப் படிக்க முடிந்ததால் நிரலாளர்கள் அதை விரும்பினர். 2005ஆம் ஆண்டு வாக்கில் ஒரே சில்லில் இரண்டு மையங்கள் வந்தபோது, சிலவற்றில் ஒவ்வொரு மையத்தின் எண்ணியும் தனித்தனியே ஓடியது. மின்சாரத்தைச் சேமிக்கச் சில்லு வேகத்தைக் குறைத்தால் எண்ணியும் மெதுவாயிற்று. ஒரு மையத்திலிருந்து மறு மையத்திற்கு மாறிய நிரலுக்குக் காலம் பின்னோக்கிப் போனது போலத் தோன்றியது. வேகம் மாறினாலும் சீராக ஓடும் எண்ணிகள் பிற்காலச் சில்லுகளில்தான் வந்தன.

மூன்று வழிகள்

இதே காலத்தில்தான் தடப்பதிவுக் கருவிகள் வளர்ந்தன. கணினி ஒவ்வொரு கணமும் என்ன செய்கிறது என்பதைப் படம் பிடிப்பது போல் பதிவுசெய்பவை அவை. லினக்ஸுக்கு அத்தகைய கருவியைக் கரீம் யாக்மூர் அறிமுகப்படுத்தினார். மத்தியூ தெனுவாயே அதை 2005ஆம் ஆண்டில் புதிதாக வடிவமைத்தார். அதே 2005இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளத்தோடு 'டி-டிரேஸ்' வந்தது. பிரையன் கேன்ட்ரில், மைக் ஷப்பிரோ, ஆடம் லெவந்தால் ஆகிய மூவர் அதை உருவாக்கினர். கெர்னலையும் வெளி நிரலையும் ஒரே கருவி, ஒரே கடிகாரத்தோடு கவனிக்க அது வழிசெய்தது.

பதிவுகளைப் பொருத்த மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, இருவரையும் ஒரே கடிகாரம் பார்க்க வைப்பது. 2012ஆம் ஆண்டு வந்த லினக்ஸ் தடப்பதிவுக் கருவியின் இரண்டாம் பதிப்பும், 2015ஆம் ஆண்டில் லினக்ஸின் 'பெர்ஃப்' கருவியில் சேர்ந்த கடிகாரத் தேர்வு வசதியும் இதையே செய்தன. இரண்டாம் வழி, இரண்டு பதிவேடுகளிலும் ஒரே நிகழ்வை எழுத வைப்பது. வெளி நிரல் ஓர் அடையாள வரியைக் கெர்னலின் தடப்பதிவுக்குள்ளேயே எழுதினால், அதற்குக் கெர்னல் தன் முத்திரையைப் போடும். அந்த வரியே இரண்டையும் இணைக்கும் பாலமாகிவிடும். மூன்றாம் வழி, இரண்டு கடிகாரங்களையும் அவ்வப்போது அடுத்தடுத்துப் படித்து வித்தியாசத்தைக் குறித்துவைப்பது. ஒரு முறை படித்தால் போதாது. ஒரு கடிகாரம் பத்து இலட்சத்தில் 50 பங்கு மட்டும் வேகமாக ஓடினாலும் ஒரு நாளில் 4.32 விநாடி விலகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் இடையிலும் படித்தால்தான் விலகலை அளந்து கழிக்க முடியும்.

ஒரு விநாடி கூடிய ஞாயிற்றுக்கிழமை

பூமியின் சுழற்சியோடு நேரத்தை ஒத்துவைக்க, 1972 முதல் 27 முறை உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்பட்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி ஞாயிறு காலை 8 மணிக்குச் சற்று முன் அப்படி ஒரு விநாடி கூடியது. லினக்ஸ் கெர்னல் சுவர்க்கடிகாரத்தைச் சரியாகவே திருத்தியது. ஆனால் விழிப்பு மணிகளைக் கவனிக்கும் தன் இன்னொரு பகுதிக்கு அதை அறிவிக்கத் தவறியது. இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி வித்தியாசம். "சிறிது நேரம் காத்திரு" என்று கேட்ட நிரல்கள், நேரம் முடிந்துவிட்டது என்று உடனே எழுப்பப்பட்டு ஓயாமல் சுழன்றன. பல இணையத் தளங்கள் தடுமாறின. விமான முன்பதிவுக் கணினிகள் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின. தேதியை மறுபடியும் அமைத்ததும் பல கணினிகள் அமைதியடைந்தன. எந்தப் பொருளும் உடையவில்லை. இரண்டு கடிகாரங்கள் மறுபடி ஒத்துப்போயின. இவ்வாறு விநாடி கூட்டும் முறையை 2035க்குள் கைவிடுவது என 2022ஆம் ஆண்டு நவம்பரில் உலக நாடுகள் தீர்மானித்தன.

கேட்க வேண்டிய கேள்வி

கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்பார் ஒரு சாரார். வரிசையைக் காரண காரியத்தால் அறிய வேண்டும் என்பார் மற்றொரு சாரார். வரலாறு இரண்டையும் வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல், மின்னல் வேகப் பங்கு வணிகத்தின் நேர முத்திரைகள் உலகத் தர நேரத்திலிருந்து 100 மைக்ரோவிநாடிக்கு மேல் விலகக்கூடாது என்ற விதி நடப்பில் உள்ளது. முத்திரை இல்லாமல் நியாயம் சொல்ல முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் மின்தடையை விசாரித்தவர்கள் கண்டது போல, முத்திரை இருப்பதாலேயே நியாயம் கிடைத்துவிடாது.

கணினியின் பதிவு ஒருவருக்கு எதிராக மேசைமீது வைக்கப்படும் காலம் இது. பணம் எப்போது போனது, கதவு எப்போது திறந்தது, ஆணை எப்போது வந்தது என்று அது விநாடி சுத்தமாகச் சொல்லும். அந்தச் சுத்தத்தைக் கண்டு மயங்காமல் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து இது எழுதப்பட்டது? நிகழ்வு நடந்தபோது எழுதப்பட்டதா, பின்னர் எழுதப்பட்டதா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே அடுத்த பதிவேட்டை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். கணினி இயல் பயிலும் இளையர்கள் இதைத் தொழில் ஒழுக்கமாகவே கொள்ளலாம். கிடங்கு மேலாளர் இவற்றைக் கேட்டிருந்தால், கதவைப் பூட்டிய காவலாளிமீது சந்தேகம் விழுந்திருக்காது.